உறைக்குள் ஓர் உருளைக்கிழங்கு இலை

செடி சேகரிப்பவர்கள் பொதுவாக நல்ல இலையாகப் பார்த்துத்தான் பறிப்பார்கள். பூஞ்சை சேகரிப்பவருக்குக் கருகல் விழுந்த இலைதான் வேண்டும். அதை அழுத்தி உலர்த்தி, காகித உறையில் போட்டு, எந்தச் செடி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது என்று மேலே எழுதிவைப்பார். அந்தக் குறிப்பு இல்லையென்றால் உள்ளே இருப்பது வெறும் சருகு.

1845-இல் ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்கள் கருகின. அயர்லாந்தில் அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஈரமும் குளிரும்தான் காரணம், இலையடியில் தெரியும் வெள்ளைப் பூஞ்சணம் அழுகலுக்குப் பிறகு வருவது என்றே பலரும் நினைத்தார்கள். இல்லை, பூஞ்சணம்தான் நோயை உண்டாக்குகிறது என்று 1846-இல் வாதிட்டவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்ற இங்கிலாந்துப் பாதிரியார். அவருடைய மாதிரிகள் இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. (ஃபைட்டாப்தோரா என்ற அந்த உயிரி உண்மையில் பூஞ்சையே அல்ல, பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்துச் சொந்தம். பழக்கதோஷத்தில் இன்னும் பூஞ்சை அலமாரியில்தான் கிடக்கிறது.)

கியூவிலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் இருந்த 11 பழைய மாதிரிகளின் மரபணு வரிசையை 2013-இல் வெளியிட்டார்கள். கருகலிலிருந்து துளியூண்டு வெட்டி எடுத்தாலே போதும். ஆனால் டிஎன்ஏ நொறுங்கிப்போயிருக்கும். பெரும்பாலும் நூறு எழுத்துகூடத் தேறாத துண்டுகள் (டிஎன்ஏவின் அலகுகளை ஏ, சி, ஜி, டி என்ற எழுத்துகளால் குறிப்பார்கள்). போதாக்குறைக்கு, துண்டுகளின் முனைகளில் சி என்ற எழுத்து காலப்போக்கில் சிதைந்து, படிக்கும்போது டி என்று தெரியும். இந்தப் பிழைதான் கைகொடுக்கிறது: நேற்று ஆய்வகத்தில் ஒட்டிய டிஎன்ஏவில் அது அவ்வளவாக இருக்காது, அதனால் பழையது எது, புதிதாகக் கலந்தது எது என்று தெரிந்துவிடும். அப்புறம், உருளைக்கிழங்கின் துண்டுகளும் பாக்டீரியாவின் துண்டுகளும் கலந்தே கிடக்கும். ஃபைட்டாப்தோராவின் முழு மரபணுத் தொகுதி 2009-இலேயே வெளியாகியிருந்ததால், அதோடு பொருந்துவதை மட்டும் கணினி பொறுக்கிக்கொண்டது.

ஃபைட்டாப்தோராவில் யூஎஸ்-1 என்ற வகைதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பிவந்தார்கள். 2001-இலேயே பழைய இலைகள் அதைச் சந்தேகத்துக்குள்ளாக்கின. 2013-இல் கிடைத்தது அதன் நெருங்கிய உறவான வேறொரு வகை. அதுவரை யாரும் அறியாதது. ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய மாதிரிகளின் சேகரிப்பில், அகப்பட்டதால் ஹெர்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். உறைகளின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அது குறைந்தது 50 ஆண்டுகள் வயல்களில் இருந்திருக்கிறது. யூஎஸ்-1 உலகெங்கும் பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான்.