கீமோ தொடங்கும் முன் கேட்க வேண்டிய இன்னொரு ஜீன் சோதனை

“ஜீன் டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு சார்” என்று சொல்லி ஃபைலை நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் ரிப்போர்ட் இருக்கும். பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்த துண்டில் செய்த சோதனை அது. தேவையானதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கட்டியைப் பற்றி மட்டும்தான் பேசும். மருந்து ஏறப்போகிற மனிதரின் உடம்பு அந்த மருந்தை எப்படிக் கையாளும் என்பதற்கு அதில் பதில் இருக்காது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது. சாதாரணமாகக் கையில் குத்தி எடுக்கும் ரத்தத்திலேயே செய்துவிடலாம். என்னிடம் வரும் பெரும்பாலான ஃபைல்களில் அது இருப்பதில்லை.

கட்டிக்குள் பிற்பாடு ஏற்பட்ட ஜீன் மாற்றம் வேறு, பிறக்கும்போதே அப்பா அம்மாவிடமிருந்து வாங்கி வந்த ஜீன் வேறு. எந்த மருந்து கட்டியில் வேலை செய்யும் என்பதை முன்னது சொல்லும். எந்த அளவு மருந்தை உடம்பு தாங்கும் என்பதைப் பின்னது சொல்லும். பின்னதை முதலில் பேசிவிடுகிறேன். அதில் கோட்டைவிட்டால் ஆபத்து முதல் சுற்றிலேயே வந்து நிற்கும்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான கீமோவில் நடுநாயகமாக இருப்பது 5-எஃப்யூ என்ற மருந்து. 1957-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பர்கர் குழுவினர் உருவாக்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை ஓரங்கட்ட ஆளில்லை. ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி என்று எந்தப் பெயரில் கீமோ போட்டாலும் 46 மணி நேரம் பம்பில் ஏறுவது இதுதான். வீட்டில் விழுங்கும் கேப்சிடபின் மாத்திரையும் உடம்புக்குள் போய் இதே 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது. ‘மாத்திரை கீமோதானே, லேசானது’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே போகும் 5-எஃப்யூவில் 80 சதவீதத்துக்கும் மேல் டிபிடி என்ற நொதியால் சிதைக்கப்பட்டு வெளியேறுகிறது. இந்த வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது. நாம் கொடுக்கும் டோஸே இந்தக் கழிவையும் கணக்கில் வைத்து நிர்ணயித்ததுதான். இந்த நொதியை உண்டாக்கும் டிபிஒய்டி என்ற ஜீனில் கோளாறு இருந்தால் நொதி பாதியாகக் குறையும், சிலருக்கு அறவே இருக்காது. தொட்டிக்குள் தண்ணீர் அதே வேகத்தில் விழுகிறது, வெளியேறும் துளை மட்டும் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய டோஸ் சரியாகவே இருந்தாலும் அந்த உடம்புக்கு அது பல மடங்கு டோஸாகிவிடும்.

இந்த நொதி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1993-ல் ஜப்பான் பார்த்தது. சொரிவுடின் என்று அக்கிக்கு ஒரு புது மருந்து விற்பனைக்கு வந்தது. குடலுக்குள் அது மாறி உண்டாகும் பொருள் டிபிடி நொதியை முடக்கிவிடும். ஏற்கெனவே 5-எஃப்யூ வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த புற்றுநோயாளிகளுக்கு அக்கி வந்து, இதையும் சேர்த்துச் சாப்பிட்டதில், சில வாரங்களுக்குள் 15 பேர் இறந்துபோனார்கள். அந்த நோயாளிகளுக்கு ஒரு மருந்து செய்ததைச் சிலருக்குப் பிறவியிலேயே ஜீன் செய்து வைத்திருக்கிறது.

எத்தனை பேருக்கு? ஐரோப்பிய மருந்து முகமை தரும் கணக்குப்படி, அங்குள்ள வெள்ளையர்களில் 100-க்கு 9 பேர் வரை இந்த நொதி குறைவு. முற்றிலும் இல்லாதவர்கள் 0.5 சதவீதம் வரை. முற்றிலும் இல்லாமல் போக வேண்டுமானால் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வர வேண்டும். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அப்படி அமைய வாய்ப்பு கூடுதல். அதனால்தான் “உங்கள் அப்பா அம்மா சொந்தமா?” என்று கேட்பேன். அறுபது வயதுக்காரரிடம் இதைக் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

சிவகங்கைப் பக்கத்து விவசாயி ஒருவர். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, கேப்சிடபின் 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு என்று வேறொரு இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆறாம் நாள் வாயெல்லாம் புண். சூடு என்று நினைத்து, வீட்டில் மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு. இளநீர், மோர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. இவ்வளவுக்கும் நடுவில் கீமோ மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. காய்ச்சலோடு எங்களிடம் தூக்கி வந்தபோது வெள்ளையணு கவுன்ட் தரைமட்டம். “ஏம்மா, இவ்வளவு ஆன பிறகும் மாத்திரையைக் கொடுத்தீங்க?” என்றால், அவர் மனைவி, “கோர்ஸைப் பாதியில நிறுத்தக் கூடாதுன்னு சொல்வாங்களே சார்” என்றார்.

அவர்மேல் என்ன தப்பு? காசநோய்க்கும் ஆன்டிபயாடிக்குக்கும் நாங்களே காலங்காலமாக அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். கேப்சிடபினுக்கு அந்த விதி செல்லாது. வழக்கத்தைவிட நாளைக்கு நான்கு முறை கூடுதலாக வயிற்றால் போனாலோ, வாய்ப்புண்ணால் சோறு இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்ய வேண்டும். காய்ச்சல் என்றால் நேரே கிளம்பி வந்துவிட வேண்டும், இரவானாலும் சரி. சில நாள் மாத்திரை விட்டுப்போனதால் புற்றுநோய் தலைதூக்கிவிடாது. அந்த விவசாயி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து தேறினார். ரத்தத்தில் டிபிஒய்டி பார்த்தோம், ஒரு பிரதி பழுது.

முறிவு மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். யூரிடின் ட்ரைஅசிடேட் என்று ஒன்றுக்கு 2015 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடைசி டோஸ் முடிந்த 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். விலையும் அதிகம், நம் ஊரில் அவசரத்துக்குக் கிடைப்பதும் கஷ்டம். அதை நம்பிக் கீமோ தொடங்க முடியாது.

அப்படியென்றால் முன்கூட்டியே பார்த்துவிடுவதுதான் வழி. 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை, 5-எஃப்யூ அல்லது கேப்சிடபின் தொடங்கும் முன் எல்லோருக்கும் டிபிடி சோதனை செய்யும்படி பரிந்துரைத்தது. பிரான்சில் அதற்கு முன்பே கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே கட்டாயம் இல்லை. செலவு சில ஆயிரம் ரூபாய், முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நடுவில் எப்படியும் சில வாரங்கள் இருக்கும். தையல் பிரிக்க வரும்போது ரத்தம் கொடுத்துவிட்டால் ஒருநாள்கூட வீணாகாது.

ஒரு பிரதி பழுது என்று வந்தால் பாதி டோஸில் தொடங்குவோம். இரண்டும் பழுது என்றால் இந்த மருந்தே வேண்டாம், வேறு வழி பார்ப்போம். “பாதி டோஸ்னா பாதி வைத்தியமா?” என்ற பயம் நியாயமானது. ஆனால் நொதி பாதியாக இருப்பவருக்குப் பாதி டோஸ் கொடுத்தால், மற்றவருக்கு முழு டோஸ் கொடுக்கும்போது ரத்தத்தில் இருக்கும் அளவுதான் கிட்டத்தட்ட வரும். நெதர்லாந்தில் 17 மருத்துவமனைகள் சேர்ந்து 1,103 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. 85 பேரிடம் இந்த ஜீன் மாற்றங்கள் இருந்தன. ஸ்டார் 2ஏ என்ற கடுமையான மாற்றம் உள்ளவர்களுக்கு டோஸைப் பாதியாக்கியபோது, ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்த கடும் பக்கவிளைவு அபாயம் மற்றவர்களுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. மிதமான மாற்றங்களுக்குக் கால்வாசி மட்டும் குறைத்தார்கள், அது போதவில்லை. அதனால்தான் இப்போது அவர்களுக்கும் பாதியிலிருந்தே தொடங்குகிறோம். தாங்கினால் அடுத்தடுத்த சுற்றில் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. டிபிஒய்டி சோதனையில் வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் செய்த ஆய்வுகளில் தேறியவை. நம்மவர்களிடம் வேறு மாற்றங்களும் இருக்கலாம். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் முதல் சுற்றில் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

ஃபோல்ஃபிரியில் சேரும் இரினோடீகான் என்ற மருந்தைப் போடப்போகிறார்கள் என்றால் இன்னொரு ஜீன் இருக்கிறது, யுஜிடி1ஏ1. இதற்குச் சில சமயம் சோதனைக்கு முன்பே நோயாளியின் வாயிலிருந்து துப்பு கிடைத்துவிடும். “எனக்கு அடிக்கடி காமாலை வரும் சார், கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போயிடும்” என்பார்கள். விரதம் இருந்தாலோ, காய்ச்சலில் கிடந்தாலோ கண் லேசாக மஞ்சளாகும். கல்லீரல் சோதனையில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மட்டும் சற்றே கூடியிருக்கும், மற்றதெல்லாம் சரியாக இருக்கும். இதற்குப் பெயர் கில்பர்ட் சிண்ட்ரோம். கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தானே இறங்கிவிடும், சாதாரண வாழ்க்கையில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பிலிருபினை வெளியேற்ற யுஜிடி1ஏ1 ஜீன் உண்டாக்கும் அதே நொதிதான், இரினோடீகானிலிருந்து உண்டாகும் எஸ்என்-38 என்ற வீரியமான பொருளையும் வெளியேற்றுகிறது. இந்த ஜீனில் ஸ்டார் 28 என்ற மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தால் நொதி குறைவாகச் சுரக்கும். மருந்து தேங்கும், கவுன்ட் விழும், வயிற்றுப்போக்கும் மோசமாகலாம். 2005-லேயே அமெரிக்காவில் மருந்தின் குறிப்பேட்டில் இதைச் சேர்த்துவிட்டார்கள். கிழக்காசியர்களைவிடத் தெற்காசியர்களிடம் ஸ்டார் 28 அதிகம் என்பதால் நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. ஆக, பழைய காமாலைக் கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டதற்குத் திட்டுவார் என்று பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இரண்டைத் தாண்டி, ‘எந்தக் கீமோ உங்களுக்குப் பொருந்தும்’ என்று நூற்றுக்கணக்கான ஜீன்களைப் பார்த்துத் தருவதாகப் பெரிய தொகைக்குப் பேக்கேஜ் விற்கிறார்கள். ஆக்சாலிபிளாட்டின் உட்பட மற்ற பல கீமோக்களுக்கு, டோஸை மாற்றும் அளவுக்கு உறுதியான ஜீன் சோதனை இன்னும் வரவில்லை. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள் என்பதே என் யோசனை.

இனி கட்டியின் ஜீன். நோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால் ராஸ் (கே-ராஸ், என்-ராஸ்) சோதனை இல்லாமல், கட்டியை வளரத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் செடூக்ஸிமாப், பானிடுமுமாப் ஊசிகளைத் தொடவே கூடாது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ராஸ் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு இந்த ஊசி பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். ‘காஸ்ட்லி ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று நகையை அடகு வைத்துவிட்டு வரும் குடும்பங்களிடம் ராஸ் ரிப்போர்ட்டைக் காட்டி “வேண்டாம்” என்று சொல்வது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. அவர்களுக்கு முதலில் கோபம்தான் வரும். இந்தச் சோதனைகளுக்குப் பயாப்ஸி பிளாக், அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு வேண்டும். ஆபரேஷன் செய்த இடத்து லேப்பில் அது இருக்கும். கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் காரில் போட்டுவிடாதீர்கள், மெழுகு உருகும்.

கட்டியில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு கெட்டிருக்கிறதா என்று காட்டும் எம்எஸ்ஐ சோதனையை மட்டும் எந்த ஸ்டேஜானாலும் செய்யச் சொல்வேன். இரண்டாம் ஸ்டேஜில் எம்எஸ்ஐ அதிகம் என்று வந்தால், தனியாகக் கொடுக்கும் 5-எஃப்யூ பலன் தருவதில்லை, பலருக்குக் கீமோவே தேவைப்படாது. பரவிய நோயில் இந்த வகை 100-க்கு 4, 5 பேர்தான். ஆனால் அவர்களுக்குக் கீமோவைவிட, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. 2020-ல் வந்த ஆய்வில், கீமோ பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் நடுமதிப்பு 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து பெற்றவர்களுக்கு 16.5 மாதம்.

எம்எஸ்ஐ அதிகம் என்றால் அடுத்த கேள்வி லின்ச் சிண்ட்ரோம், அதாவது குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் பரம்பரை ஜீன் கோளாறு. அத்தைக்குக் கர்ப்பப்பையில், பெரியப்பாவுக்குக் குடலில் என்று குடும்பத்தில் வரிசையாக, அதுவும் ஐம்பதுக்கு முன்பே வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இதில் ஒரு பிரதி பழுதே போதும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஜீன் இருப்பது உறுதியானால் பெரும்பாலும் 20, 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கோலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

டிபிஒய்டி ரிப்போர்ட்டும் நோயாளியோடு முடிவதில்லை. 5-எஃப்யூ, கேப்சிடபின் இரண்டும் இரைப்பை, மார்பகம், தலை-கழுத்துப் புற்றுநோய்களுக்கும் போடும் மருந்துகள். உங்களுக்கு ஒரு பிரதி பழுது என்று வந்திருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். என்றைக்காவது கீமோ என்று பேச்சு வந்தால், எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், முதல் ட்ரிப் ஏறும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.