தோழர் என்று எழுதுவதற்கு முன்

வடகொரியாவைக் காட்டும் ஒரு தொடரில் சிப்பாய் ஒருவன் தன் கூட்டாளியை ‘தொங்மு’ என்று கூப்பிடுகிறான். அடுத்த காட்சியில் தளபதி முன் விறைப்பாக நின்று ‘தொங்ஜி’ என்கிறான். வசனம் எழுதுபவர் கைக்கு வரும் ஆங்கிலக் கோப்பில் இரண்டு இடத்திலும் ‘காம்ரேட்’ என்றுதான் இருக்கும். தமிழிலும் இரண்டு இடத்திலும் ‘தோழர்’ என்று விழுந்துவிடுகிறது. வடகொரிய வழக்கில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. சமமானவரையும் தனக்குக் கீழே உள்ளவரையும் தொங்மு என்பார்கள். மேலே உள்ளவர்களுக்கு, நாட்டுத் தலைவர் வரைக்கும், தொங்ஜி. சிப்பாய் குரலை மாற்றியதை நடிகர் காட்டிவிட்டார். எழுத்தில் அது காணாமல் போகிறது.

கொரியன், ரஷ்யன், சீனம் எதுவாக இருந்தாலும் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகிறது. வழியில் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு சொற்கள் ‘காம்ரேட்’ என்ற ஒரே சல்லடையில் சலிக்கப்பட்டு நம்மிடம் வந்து சேர்கின்றன. மூலத்தில் இருந்தது எந்தச் சொல் என்று பார்க்காமல் தோழர் என்று எழுதினால், சில இடங்களில் அரசியலே தலைகீழாகிவிடும். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வேர்களைப் பார்த்துவிடலாம். எதைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே மக்கள் இந்தச் சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள். ஸ்பானிய ‘கமராதா’ என்பதில் இருப்பது ‘காமரா’, அதாவது அறை. ஒரே அறையில் படுத்துறங்கும் படைவீரர்கள். பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்கள் இங்கிருந்து போனவைதான். இத்தாலிய ‘கொம்பாஞ்ஞோ’ ரொட்டியில் பிறந்தது. லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. துருக்கிய ‘யோல்தாஷ்’ வழியில் கூட வருபவர். ‘யோல்’ என்றால் சாலை. சீனத்தில் இரண்டு எழுத்து: ஒன்று ‘ஒரே’, மற்றது ‘உள்ளத்தின் நாட்டம்’. இந்த இரண்டு எழுத்தைத்தான் சீனர்கள் ‘துங்ஜி’ என்றும், கொரியர்கள் ‘தொங்ஜி’ என்றும், ஜப்பானியர்கள் ‘தோஷி’ என்றும், வியட்நாமியர்கள் ‘டோங் சீ’ என்றும் படிக்கிறார்கள். ரஷ்ய ‘தவாரிஷ்’ துருக்கிய மொழிகளிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ரஷ்யனில் ‘தவார்’ என்றால் சரக்கு. சரக்கோடு சேர்ந்து போன வணிகக் கூட்டாளி.

இது சுவைக்காகச் சொல்லும் செய்தி இல்லை, மொழிபெயர்க்கும்போது நேரடியாகக் கைகொடுக்கும். வேர் வேறு என்பதால் அன்றாடப் பொருளும் வேறாக இருக்கிறது. பிரெஞ்சில் ‘கமராத்’ பள்ளிக்கூடத்துக் கூடப்படிப்பவர். இத்தாலியில் ஒரு பெண் ‘என் கொம்பாஞ்ஞோ’ என்றால், பெரும்பாலும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணைவரைச் சொல்கிறார். ஒரு குழந்தையின் ஆவணத்தில் ‘தாயின் கொம்பாஞ்ஞோ’ என்று இருப்பதைத் ‘தாயின் தோழர்’ என்று தமிழில் போட்டால், வீட்டில் இருக்கும் ஓர் ஆள் சட்டப்படி யாரும் இல்லாதவர் ஆகிவிடுவார். அங்கே ‘துணைவர்’ என்றுதான் எழுத வேண்டும்.

உருவத்தைப் பார்த்து ஏமாறும் இடம்

அதிகம் தவறு நடப்பது இத்தாலியனிலும் ஜெர்மனிலும். ‘காம்ரேட்’ மாதிரியே ஒலிக்கும் ஒரு சொல் இத்தாலியனில் இருக்கிறது: ‘கமெராத்தா’. அதைத் தோழர் என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அப்படி ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டவர்கள் முசோலினியின் பாசிஸ்டுகள். கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் கொம்பாஞ்ஞோ. இன்றைக்கும் ஒருவர் வாயில் எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்து அவர் எந்தப் பக்கம் என்று இத்தாலியர்களுக்குப் புரிந்துவிடும். இரண்டையும் தமிழில் தோழர் ஆக்கினால் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே கட்சி. பாசிஸ்டுகள் பேசும் இடத்தில் ‘கமெராத்தா’ என்பதையே தமிழ் எழுத்தில் வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

ஜெர்மனில் ‘கமராட்’ ராணுவச் சொல். முதல் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் கையைத் தூக்கிச் சரணடையும்போது கத்தியது இதைத்தான். இன்று அங்கே தீவிர வலதுசாரிக் குழுக்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் சொல்லும் இதுதான். இடதுசாரிகளின் சொல் ‘கெனோஸ்ஸெ’; பெண் என்றால் ‘கெனோஸ்ஸின்’. அதனால் கமராட் வந்தால் ‘சக வீரர்’, கெனோஸ்ஸெ வந்தால் ‘தோழர்’. ஸ்பெயினில் இந்தச் சுலபமான கணக்கு உதவாது. அங்கே 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளும் ‘கமராதா’, எதிரணியில் இருந்த ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சிக்காரர்களும் ‘கமராதா’. சோஷலிஸ்டுகளும் அனார்க்கிஸ்டுகளும் ‘கொம்பஞேரோ’ என்றார்கள். பேசுபவர் யார் என்று தெரியாமல் ஸ்பானியப் பக்கத்தைத் தொடவே கூடாது.

யாருக்குத் தோழர் இல்லை?

சமமானவர்களை அழைக்கும் சொல்லுக்கு ஒரு வேலி உண்டு. அந்த வேலிக்கு வெளியே நிற்பவர் யார் என்பதும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். சோவியத் காலத்தில் எல்லாரும் தவாரிஷ்தான், கைதி மட்டும் இல்லை. அவர் காவல் அதிகாரியை ‘கிராஷ்தானின் நச்சால்னிக்’ என்று அழைக்க வேண்டும். ‘குடிமகன் அதிகாரி’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள். பழக்கதோஷத்தில் தவாரிஷ் என்று அழைத்துவிட்டால் கிடைக்கும் பதில் ரஷ்யாவில் பழமொழி போலவே ஆகிவிட்டது: ‘தம்போவ் ஓநாய்தான் உனக்குத் தவாரிஷ்.’ தம்போவ் மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ஓர் ஊர்.

இந்த ஒரு வரியைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? ‘நான் உன் தோழர் அல்ல’ என்றால் பொருள் வந்துவிடுகிறது, கடிப்பு வரவில்லை. ‘தோழரா? போய் ஓநாயைக் கூப்பிடு தோழர்னு’ என்றால் இரண்டும் வரும். ஊர்ப் பெயரை விட்டுவிடலாம். தமிழ் வாசகருக்குத் தம்போவ் எதையும் நினைவூட்டாது. ஆனால் அதற்கு முந்தைய வசனங்களில் கைதி ‘குடிமகன்’ என்று அழைத்திருப்பதை யாராவது அழகுக்காகத் ‘தோழர்’ என்று மாற்றியிருந்தால், இந்த வரி எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. ‘அதிகாரி ஐயா’ என்று எழுதிக்கொள்ளுங்கள், தோழர் மட்டும் வேண்டாம்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் ரஷ்ய ராணுவத்தில் ‘தவாரிஷ் கப்பிதான்’ என்ற விளிப்பு இருக்கிறது. அது இன்று கொள்கைச் சொல் இல்லை, படை விதி. ஆனாலும் ‘கேப்டன் சார்’ என்று மாற்ற வேண்டாம். ‘தோழர் கேப்டன்’ என்பதே சரி. அந்த ராணுவத்தின் மணம் அதில்தான் இருக்கிறது.

சீனத்தின் ‘துங்ஜி’ கதை வேறு. கம்யூனிஸ்டுகளுக்கு முன்பே சுன் யாட்சென்னின் குவோமின்டாங் கட்சியினரும் இதைப் பயன்படுத்தினார்கள். 1949க்குப் பிறகு கடைக்காரர், பேருந்து நடத்துநர் எல்லாரும் துங்ஜி ஆனார்கள். 1989இல் ஹாங்காங்கில் தன்பாலின ஈர்ப்பாளர் திரைப்பட விழா ஒன்றுக்கு இந்தச் சொல்லைச் சூட்டினார்கள். அவமதிப்பு இல்லாத, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான சொல் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பொருந்திப்போனது. தைவானில் 2003 முதல் நடக்கும் வானவில் பேரணியின் பெயரிலேயே துங்ஜி இருக்கிறது. 2012இல் வெளிவந்த சீன அகராதிப் பதிப்பு ஒன்று இந்தப் புதிய பொருளைச் சேர்க்காமல் விட்டது. 2016இல் சீனக் கட்சி தன் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் துங்ஜி என்றே அழைக்க வேண்டும் என்று வழிகாட்டியது. ஆக இரண்டு பொருளும் இன்று உயிரோடு இருக்கின்றன. 2019இல் தைவான் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியதைப் பற்றிய சீனக் கட்டுரையை இயந்திரத்திடம் கொடுத்தால் ‘தோழர்கள் திருமணம்’ என்று வரக்கூடும். கட்சி மாநாட்டுச் செய்தி என்றால் தோழர். திருமணம், உரிமை, பேரணி என்று வந்தால் தன்பாலின ஈர்ப்பாளர் அல்லது பால்புதுமையினர்.

தென்கொரியாவில் தொங்மு ஒரு காலத்தில் சிறுவர்கள் விளையாட்டுத் துணையைச் சொன்ன சாதாரணச் சொல். வடக்கு அதை எடுத்துக்கொண்டதும் தெற்கில் அதைச் சொல்லவே தயங்கினார்கள். ‘சிங்கு’ அந்த இடத்துக்கு வந்தது. தோளில் கைபோட்டு நடப்பதைக் குறிக்கும் ‘ஒக்கெதொங்மு’ போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் பழைய சொல் தங்கியிருக்கிறது. தெற்கத்திய குழந்தைப் பாட்டில் இது வந்தால் ‘தோழர்’ என்று எழுதிப் பயமுறுத்த வேண்டாம், ‘தோளோடு தோள் சேர்ந்து’ போதும்.

உறவுமுறைச் சொற்கள்

சில மொழிகள் அறையையும் ரொட்டியையும் விட்டுவிட்டு உறவைப் பிடித்தன. தான்சானியாவில் முதல் அதிபர் நியரேரே காலத்தில் ‘ண்டுகு’ என்ற சுவாஹிலிச் சொல் பரவலானது. உடன்பிறப்பு, உறவுக்காரர் என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சிங்களத்தில் இடதுசாரிகள் ‘சகோதரயா’ என்கிறார்கள். 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியின் பெயரிலேயே சமத்துவச் சமுதாயம் இருக்கிறது. சிங்கள அறிக்கையில் வரும் ‘சகோதரயா’வைச் ‘சகோதரர்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் காதில் தேவாலயமோ பள்ளிவாசலோதான் ஒலிக்கும். அங்கே தோழர் என்பதுதான் பொருத்தம்.

வியட்நாம் நமக்கு இன்னும் நெருக்கம். தெருவில் அறிமுகமில்லாதவரைக்கூட அண்ணன், அக்கா, தம்பி கணக்கில்தான் அழைப்பார்கள். ‘டோங் சீ’ கட்சிக்கும் படைக்கும் உரியது. ஹோ சி மின்னை அவர்கள் ‘பாக் ஹோ’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘அங்கிள்’ ஆனதால் தமிழில் ‘ஹோ மாமா’ ஆகிவிட்டது. ‘பாக்’ அப்பாவுக்கு மூத்தவரைக் குறிக்கும் சொல். நம்மிடம் ‘பெரியப்பா’ என்று அச்சு அசலான சொல் இருக்கும்போது ஆங்கிலத்தின் ஏழ்மையை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

தமிழ்ச் சொல்லின் இயல்பு

சுந்தரருக்குத் ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர். சிவனுக்கே தோழர். பழைய வழக்கிலேயே இந்தச் சொல்லுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. 1932இல் சோவியத் நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், திருவாளர், ஸ்ரீமான் போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டு எல்லாரும் ‘தோழர்’ என்றே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று குடி அரசு இதழில் அறிவித்தார். தொழிற்சங்கங்களும் பொதுவுடைமைக் கட்சிகளும் அதை இன்றுவரை நிலைநிறுத்தியிருக்கின்றன. மலையாளிகளின் ‘சகாவு’ இதே வேலையைச் செய்கிறது.

தமிழ்த் தோழரின் பலம் அதன் ஈற்றில் உள்ள ‘அர்’. ஆண், பெண், வயது, சாதி எதையும் கேட்காமல் மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. ஜெர்மனில் கெனோஸ்ஸெ என்று அழைக்கும்போது கூடவே ‘நீ’ வரும்; எல்லாரையும் நீ ஆக்கிச் சமமாக்குகிறார்கள். தமிழில் எல்லாரையும் நீங்கள் ஆக்கிச் சமமாக்குகிறோம். ஆகவே ஜெர்மன் வசனத்தில் ‘நீ’ இருக்கிறதே என்று ‘வா தோழர்’ என எழுதினால் அது எந்தத் தமிழர் வாயிலும் வராத தமிழ். ‘வாங்க தோழர்’ என்பதே சரியான சமன். வினையும் ‘தோழர் சொன்னார்’ என்றே முடிய வேண்டும்.

பெண்களைத் ‘தோழி’ என்று மாற்றுவது இன்னொரு வழக்கமான பிழை. தோழி என்றதும் சங்கப் பாடலின் தலைவியோடு வருபவளும், கல்லூரிச் சிநேகிதியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஜெர்மன் கெனோஸ்ஸின், இத்தாலிய கொம்பாஞ்ஞா, அரபு ரஃபீக்கா என்று மூலத்தில் பெண்பால் இருந்தாலும் தமிழில் தோழர் போதும். பெண் என்பது தெரிய வேண்டுமானால் பெயரே சொல்லிவிடும். சங்கச் சுற்றறிக்கையில் ‘தோழர்களே, தோழியர்களே’ என்று விளிப்பது வேறு. அது கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்கள் என்று சொல்வதற்காக.

சிப்பாய்க்கும் தளபதிக்கும் திரும்பினால், தொங்மு வரும் இடத்தில் வெறும் ‘தோழர்’ அல்லது பெயரோடு ‘தோழர்’. தொங்ஜி வரும் இடத்தில் பதவியையும் சேர்த்துத் ‘தளபதித் தோழர் அவர்களே’. இரண்டு சொல் கூடுகிறது, வரி நீளுகிறது. இடம் போதாவிட்டால் காட்சியில் முதல் தடவை மட்டும் முழுதாகப் போட்டுப் பிறகு ‘தளபதி அவர்களே’ என்று சுருக்கலாம்.

தொடவே கூடாதவை

ரஷ்ய அடுக்குமாடிக் குடியிருப்பு ஆவணங்களில் ‘தவாரிஷெஸ்த்வோ’ என்று வரும். அது வீட்டு உரிமையாளர் சங்கம், தோழமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜெர்மன் ‘கெனோஸ்ஸென்ஷாஃப்ட்’ கூட்டுறவுச் சங்கம். ஜிம்பாப்வே நாளிதழ்களில் பெயருக்கு முன் வரும் ‘சிடிஇ’ என்ற மூன்று எழுத்து காம்ரேடின் சுருக்கம், பட்டப்படிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் ‘காம்ரேட்ஸ் மாரத்தான்’ 1921இல் முதல் உலகப் போர் வீரர்களின் நினைவாகத் தொடங்கியது. அதைத் ‘தோழர்கள் மாரத்தான்’ ஆக்கினால் பொதுவுடைமைக் கட்சி நடத்தும் ஓட்டம் என்றே நினைப்பார்கள். அரபியில் ‘ரஃபீக்’ தோழர்தான், ஆனால் பலருடைய பெயரும் அதுவே. ஹீப்ருவில் ‘ஹவேர்’ நண்பர், உறுப்பினர், காதலர் மூன்றுமாக நிற்கும். நாடாளுமன்ற உறுப்பினரும் ஹவேர்தான். 1995 நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட இஸ்ரேல் பிரதமர் ராபினின் அடக்க நாளில் அமெரிக்க அதிபர் கிளின்டன் தன் உரையை ‘ஷாலோம், ஹவேர்’ என்று முடித்தார். அங்கே ‘போய் வா, நண்பனே’ என்பதைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது.

ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் சொற்பட்டியலில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தனியாக ஐந்து கட்டம் போட்டு வையுங்கள்: மூலமொழிச் சொல், ஆண்டும் நாடும், யார் சொல்வது, யாரை, தமிழில் முடிவு செய்தது. ‘காம்ரேட்’ என்ற ஆங்கிலத்தை முதல் கட்டத்தில் எழுதாதீர்கள். அங்கே எழுத மூலச் சொல் கிடைக்கவில்லை என்றால், ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.