நெதன்யாகுவின் வாலில் தொங்கும் ‘யாகு’

“நெதன்யாகு, எரேமியா, சகரியா... இந்த ‘யா’, ‘யாகு’ எல்லாம் சாதிப் பட்டமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாதி அல்ல, சாமி. யூதர்களின் கடவுளான யாவேயின் பெயர்ச் சுருக்கம் அது. நெதன்யாகு என்றால் ‘யாவே கொடுத்தார்’. அதே சுருக்கத்தை ‘யோ’ என்று முன்னால் போட்டால் யோனத்தான்.

பழங்காலத்தில் தெற்கே யூதா நாட்டில் இந்த வால் ‘யாகு’. வடக்கே இஸ்ரேல் அரசில் ‘யவ்’. வடக்கு அரசின் தலைநகரான சமாரியாவில் 1910இல் கிடைத்த பானை ஓடுகளில் ‘எகெல்யவ்’ என்றொரு பெயர் இருக்கிறது. வாலைப் பார்த்தே ஊர்ப்பக்கம் சொல்லிவிடலாம்.

அப்புறம் யூதாவின் தலைநகர் எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்தது, மக்கள் பாபிலோனுக்குச் சிறைபோனார்கள். அங்கே அவர்கள் வாழ்ந்த ஓர் ஊரின் பெயர் ஆல்-யாகுது, அதாவது யூதாவூர். கி.மு. 572 முதல் 477 வரையிலான களிமண் பலகைகள் அதைக் காட்டுகின்றன. கடன், வாற்கோதுமை, பேரீச்சம்பழம் என்று எல்லாம் கணக்கு வழக்குதான். எழுதியவர் பாபிலோனிய எழுத்தர். அவர் காதில் விழுந்த ‘யாகு’வைப் பெயரின் கடைசியில் எப்படி எழுதினார் தெரியுமா? ‘யாமா’ என்று!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அந்தக் காலப் பாபிலோனியப் பேச்சில் இரு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ‘ம’ தேய்ந்து ‘வ’ ஆகிவிட்டிருந்தது. எழுத்து மட்டும் பழையபடியே. அதனால் ‘யாமா’ என்று எழுதி ‘யாவா’ என்றுதான் படித்தார்கள். யூத மாதப் பெயர்களே சாட்சி: பாபிலோனிய ‘சிமானு’ அவர்கள் வாயில் ‘சீவான்’ ஆனது, ‘கிஸ்லிமு’ ‘கிஸ்லேவ்’ ஆனது. (யாமாவுக்கும் எமதர்மனுக்கும் முடிச்சுப் போட்டு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.)

இந்தப் பலகைகள் முறையான அகழாய்வில் வந்தவை அல்ல, பழம்பொருள் சந்தையில் தலைகாட்டியவை. தோண்டிய குழியே தெரியாமல் போய்விட்டது. அகழாய்வுக்குக் காசு ஒதுக்க யோசிக்கிற அரசுகள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, வால் எப்போதும் உண்மை பேசுமா? ஒருவரின் பெயர் ஒரு பலகையில் ‘பேல்-ஷர்-உசுர்’. பேல் பாபிலோனியத் தெய்வம். ‘பேலே, அரசரைக் காப்பாற்று’ என்று பொருள். பைபிளின் தானியேல் ஆகமத்தில் வரும் பெல்ஷாத்சாருக்கும் இதே பெயர்தான். இன்னொரு பலகையில் அதே ஆள் ‘யாகு-ஷர்-உசுர்’. அரசர் அப்படியே இருக்கிறார். காப்பாற்றும் சாமிதான் மாறிவிட்டது.