கூரை சோலார்: இணைப்பு சீக்கிரம் கிடைக்கும், புயல் நாளில் கரண்ட் வருமா?

கடலூரில் மின்பகிர்மானக் கழகம், புதுச்சேரியில் அரசு மின்துறை. அலுவலகம் வேறானாலும், மாடியில் சோலார் போடுகிறவருக்கு இணைப்புக் கெடு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். மின் நுகர்வோர் உரிமை விதிகள் ஒன்றிய அரசு போட்டவை. 2024 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தினார்கள்.

திருத்தத்தின் முக்கியமான பலன் 10 கிலோவாட் வரை போடுகிறவர்களுக்கு. உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற ஆய்வுக்காக இனிக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் குறையில்லாமல் இருந்தால் ஏற்கப்பட்டதாகவே கணக்கு. சாங்ஷன் லோடு, அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்சுமை, போதவில்லை என்றால் அதை உயர்த்துவதும் மின்வாரியத்தின் வேலை. சாதாரண வீட்டுக்கு 3 கிலோவாட்டே தாராளம் என்பதால், பெரும்பாலான வீடுகள் இதற்குள் வந்துவிடும். 5 கிலோவாட் வரையிலான சோலாருக்காக மின்பாதையைப் பலப்படுத்த நேர்ந்தால், அந்தச் செலவும் வாரியத்துடையதே. 10 கிலோவாட்டுக்கு மேல் ஆய்வு உண்டு, 15 நாளுக்குள். தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே பொருள்.

பேனல் மாட்டி, வேலை முடிந்த சான்றைக் கொடுத்ததிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம், மீட்டர், இயக்கம் எல்லாம் முடிய வேண்டும். சான்று கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்; நாள் எண்ணுவது அங்கிருந்துதான்.

மானியம் ஒன்றிய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில்: 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாகவும், போடுகிறவர் பதிவுபெற்ற விற்பனையாளராகவும் இருக்க வேண்டும்.

சரி, விற்பனையாளர்கள் பலர் வாய் திறக்காத விஷயத்துக்கு வருவோம். கிரிட்டோடு, அதாவது வாரியத்தின் மின்பாதையோடு, இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் கருவி), தெருவில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வீட்டுக்கு ஒரு யூனிட் வராது. இது கோளாறு அல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன்மீது உங்கள் மாடிக் கரண்ட் பாயாமலிருக்க வைத்த பாதுகாப்பு. 2011 டிசம்பரில் ‘தானே’, 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ என்று புயல் கண்ட இந்தக் கரையில், மின்வெட்டுக்குப் பயந்து சோலார் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுவார்கள். அவர்களுக்கு வேண்டியது பேட்டரியோடு, தெருவில் கரண்ட் இல்லாதபோதும் வீட்டுக்குக் கரண்ட் தரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். மானியம் பேனல் அளவை வைத்துத்தான், பேட்டரிக்கென்று தனியாக இல்லை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், கரண்ட் இல்லாதபோது எதெது, எத்தனை மணி நேரம் ஓடும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.