கட்டைவிரல் போட்டால் லீடு உங்களுடையதா?

போன ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை ரோட்டில் ஒரு சைட் விசிட். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒருவர் குடும்பத்தோடு காரில் வந்திருந்தார். மனையைப் பார்க்கும் முன்பே போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ‘பிளாட் 1’, ‘பிளாட் 2’, ‘பிளாட் 3’ என்று அவர் சேமித்து வைத்த மூன்று எண்கள். மூன்றும் எங்கள் டீம் பையன்களுடையவை. முதல் ஆள் சதுரடி 1,450 ரூபாய் என்றிருக்கிறான். அடுத்தவன் 1,390. மூன்றாமவன், "மேனேஜர்கிட்ட பேசி 1,300-க்கு முடிச்சுத் தர்றேன் சார், வெளியில சொல்லிக்காதீங்க" என்றிருக்கிறான். அந்த மேனேஜர் நான்தான்.

"இன்னும் யாராவது கூப்பிடுவாங்களா சார்? விலை இறங்கும்னா ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பதினான்கு வருஷமாக மனை விற்கிறேன். இந்தக் கூத்தைப் பார்ப்பது முதல் முறையல்ல. ஃபேஸ்புக் ஃபார்மிலிருந்தும் போர்டைப் பார்த்துக் கொடுத்த மிஸ்டு காலிலிருந்தும் வரும் லீடுகள், அதாவது மனை கேட்டு விசாரிப்பவர்களின் எண்கள், யார் பெயருக்கும் போகாமல் பொதுவில் கிடக்கும். அதைச் சாலையோரம் விழுந்து கிடக்கும் மாங்காய் மாதிரி நினைக்கிறார்கள். முதலில் பார்த்தவனுக்குச் சொந்தமாம்! டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் எண் வந்ததும் ஒரு கட்டைவிரல் எமோஜி போடுவது, "நான் எடுத்துக்கிட்டேன்ணா" என்று எழுதுவது. அவ்வளவுதான், வேலை முடிந்ததாம்.

தம்பி, கட்டைவிரல் போட்டால் நீ பார்த்தாய் என்றுதான் அர்த்தம். பார்ப்பது வேறு, எடுப்பது வேறு. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பேசி, என்ன பட்ஜெட், வீடு கட்டவா முதலீட்டுக்கா, எந்தக் கிழமை வர முடியும் என்று கேட்டு, வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் மென்பொருளான சிஆர்எம்மில் எழுதியவன்தான் எடுத்தவன். லைன் பிஸி என்றால் ‘பிஸி, மாலை 5 மணிக்கு மறுபடி’ என்றாவது எழுது. ஒன்றுமே எழுதாமல் "அது என் லீடு" என்று மாசக் கடைசியில் கமிஷனுக்குச் சண்டை போட வராதே. சிஆர்எம்மில் ‘கிளெய்ம்’ பட்டனை அழுத்தினால் அடுத்தவனுக்கு அந்த லீடு பூட்டப்படும். வாட்ஸ்அப் கட்டைவிரல் யாருக்கும் எதையும் பூட்டாது. அதனால்தான் அந்த மனிதருக்கு மூன்று போன் போனது.

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா இரவு ஒன்பது மணிக்கு ஃபார்ம் போட்டிருந்தார். குரூப்பில் அதற்கும் மூன்று கட்டைவிரல்கள். அவன் பேசியிருப்பான் என்று இவன், இவன் பேசியிருப்பான் என்று அவன். பதினோராம் நாள் பட்டியலைப் புரட்டும்போது நான் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். "வேற இடத்துல அட்வான்ஸ் குடுத்துட்டேங்க. இனிமே கூப்பிடாதீங்க" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் வலித்தது.

எங்கள் டீமில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன், வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் செய்த பதினைந்து நிமிடத்துக்குள் கால் பதிவாகவில்லை என்றால் லீடு பொதுப் பட்டியலுக்கே திரும்பும். தொடாத லீடு ஐந்து கையில் இருந்தால் ஆறாவது கிடையாது. இரவில் வருவதைக் காலை ஒன்பதரைக்கு முறை வைத்துப் பிரிக்கிறோம், கண் விழித்திருந்தவனுக்குப் பரிசு எதுவும் இல்லை. விலை ஒரே விலை, குறைப்பதென்றால் என் வாயிலிருந்து மட்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வாடிக்கையாளர்கள் அதிகம். "ஹேளி சார்" என்று தொடங்குபவரை அந்த மொழி பேசும் ஆளிடம் கொடு. கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு. அதைச் சைட் விசிட்டுக்கு முன்பே எழுதிவைக்கிறோம், ரிஜிஸ்ட்ரேஷன் அன்றைக்கு அல்ல. எண்ணை எடுத்ததும் முதலில் சிஆர்எம்மில் தேடிப் பாருங்கள். கணவர் பேசி வைத்த மனைக்கு மனைவி வேறு எண்ணிலிருந்து கேட்பது இங்கே வாராவாரம் நடக்கிறது. "நம்ம ஆபீஸ்ல ஏற்கெனவே யாராவது பேசினாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடாது.

இன்னொன்று. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவான லேஅவுட்டின் மனையை, கமிஷனுக்கு வேலை பார்க்கும் ஏஜென்ட் தானும் அங்கே பதிவு செய்யாமல் விற்றுக் கொடுக்கக் கூடாது. 2016 சட்டத்தில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை போகும். நேற்றுச் சேர்ந்த பையனைப் பதிவுகூடச் செய்யாமல் குரூப்பில் சேர்த்து லீடு அள்ளவிடும் பெரியவர்களே, கொஞ்சம் யோசியுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் அந்தக் குரூப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் குரூப்பில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர் இப்போது எதிர் லேஅவுட்டில் விற்கிறார். 1,300 என்று சொன்னவன்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அந்த நான்கு பேரை விட்டுவைத்தது நான்தான்.

நர்ஸம்மாவின் எண்ணுக்கு நேரே ‘அழைக்க வேண்டாம்’ என்று குறித்துவிட்டேன். ஆனால் போன வருஷம் ஆளுக்கொரு காப்பியாகப் பிரித்துக்கொண்ட அந்த லீடு எண்களின் எக்செல் ஷீட் உங்கள் போனில் இன்னும் இருக்கும். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.