பிள்ளையின் பையில் ஒரு குயர் நாவல்

ஆலோசனைக்கு வரும் பெற்றோரில் சிலர் கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையில் குப்புற வைப்பார்கள். அட்டை யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதாம். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் குயர் நாவல், அதாவது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் போன்றோரைப் பற்றிய ஆங்கில நாவல். ரோஸ் நிறத்தில் இரண்டு இளைஞர்கள் சாய்ந்து நிற்கும் கார்ட்டூன் படம், இல்லையென்றால் பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள். “இதைப் படிச்சுத்தான் இவன் இப்படி ஆயிட்டானா மேடம்?” என்று கேட்பார்கள்.

இல்லை. எந்த நாவலும் ஒருவருடைய ஈர்ப்பைத் திருப்பிப் போட்டதில்லை. கதைகளுக்கு அந்தச் சக்தி இருந்தால், ஆணும் பெண்ணும் டூயட் பாடுவதையே பார்த்து வளர்ந்த நம் ஊரில் தன்பாலீர்ப்பு உள்ளவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளை தனக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்குப் பேச்சுத்துணை தேடி அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கலாம். வகுப்பில் எல்லோரும் படிக்கிறார்கள் என்றும் எடுத்திருக்கலாம். இரண்டு பையன்களின் காதல் கதையை விழுந்து விழுந்து படிக்கும் பெண்பிள்ளைகள் பலருக்குப் பையன்களைத்தான் பிடிக்கும்.

நானும் இந்தப் புத்தகங்களைப் படிக்கிறேன். தொழிலுக்காக ஆரம்பித்தது, இப்போது பாதி ஆசைக்காக. எனக்கென்று விருப்பு வெறுப்புகளும் வந்துவிட்டன. கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் இவற்றில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெற்றோர் அவற்றை வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வயது. கடந்த சில ஆண்டுகளாக ஆங்கில ரொமான்ஸ் நாவல்களுக்குக் கார்ட்டூன் அட்டை போடுவது வழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்து உள்ளே இருப்பது சிறுவர் கதையா, பெரியவர் கதையா என்று சொல்ல முடியாது. ஆலிஸ் ஓஸ்மன் எழுதி வரைந்த ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ இணையத்தில் 2016-ல் தொடங்கிய படக்கதை. இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம். சார்லி, நிக் என்று இரண்டு பையன்கள். முதல் பாகங்களில் முத்தத்துக்கு மேல் எதுவும் கிடையாது. 2019-ல் வந்த கேசி மெக்விஸ்டனின் ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’ அமெரிக்கப் பெண் அதிபரின் மகனுக்கும் பிரிட்டிஷ் இளவரசனுக்கும் இடையிலான காதல். இது பெரியவர்களுக்கான நாவல், படுக்கையறைக் காட்சிகள் உண்டு. 2023-ல் வந்த அதன் திரைப்படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ்தான் கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 12 வயதுப் பிள்ளைக்கு இரண்டில் எதை வாங்குகிறோம் என்று பின்னட்டையைப் படித்துப் பார்ப்பது நியாயமான வேலை. அந்தப் பார்வை ஆண்-பெண் ரொமான்ஸ் நாவல்கள் மீதும் விழ வேண்டும். அவற்றில் இருப்பது இதைவிடச் சூடான சரக்கு. அதை யாரும் குப்புற வைத்து என்னிடம் கொண்டு வந்ததில்லை.

வயதை விட்டுவிட்டுப் பாலினத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹங்கேரி உதாரணம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தன்பாலீர்ப்பைக் காட்டும் படைப்புகளைக் கட்டுப்படுத்த அங்கே 2021-ல் ஒரு சட்டம் வந்தது. 2023 ஜூலையில் லீரா என்ற பெரிய புத்தகக் கடை நிறுவனத்துக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம் போட்டார்கள். ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ புத்தகத்தை பிளாஸ்டிக் உறை ஒட்டாமல் இளையோர் அலமாரியில் வைத்ததுதான் குற்றம்.

எனக்கு ஹார்ட்ஸ்டாப்பரில் பிடித்தது காதல்கூட இல்லை. பின்வரும் பாகங்களில் சார்லிக்கு உணவு தொடர்பான மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவருகிறது. சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கிறான், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறான். சாதாரண காதல் கதை என்றால் காதலன் பக்கத்தில் இருந்தே அவனைக் குணப்படுத்திவிடுவான். இங்கே நிக் திணறுகிறான், தன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறான், சார்லி முறையான சிகிச்சைக்குப் போகிறான். காதல் துணை நிற்கும், மருத்துவத்தின் இடத்தில் உட்காராது. 16 வயதுப் பிள்ளைகளிடம் நான் மணிக்கணக்கில் பேசியும் புரிய வைக்க முடியாத விஷயம் இது. “நான் இல்லேன்னா அவ செத்துருவா மேடம்” என்று தோழியின் முழுப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான்காம் பாகத்தைப் படிக்கச் சொல்கிறேன். ஒரே எச்சரிக்கை: உங்கள் பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பழக்கம் உள்ளவர் என்றால், இந்தப் பாகங்களைத் தனியாகப் படிக்க விடாமல் கூடவே படியுங்கள்.

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. இந்த வகை ரொமான்ஸ் கதைகள் பலவற்றில் ஒரு காட்சி வரும். பிள்ளை தயங்கித் தயங்கித் தன் ஈர்ப்பைப் பற்றி வீட்டில் சொல்வான். அம்மா கண் கலங்கி, “என்கிட்ட சொன்னதுக்கு நன்றி” என்கிற மாதிரி ஏதோ சொல்லிக் கட்டிக்கொள்வார். படிக்க நன்றாக இருக்கிறது. நானே கண்ணைத் துடைத்திருக்கிறேன். ஆனால் அதை ஒத்திகை பார்த்துவிட்டு வீட்டில் அரங்கேற்றும் பிள்ளைகளை நான் சந்திக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன். அந்த அம்மா-மகன் காட்சி அவனுக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் இருந்தபோது சொல்லிவிட்டான். அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று ராத்திரி அவன் போன் பிடுங்கப்பட்டது, மறுநாள் ஊரிலிருந்து தாய்மாமன் வந்தார். வாரக்கணக்கில் வீட்டில் அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “புக்ல அவங்க அம்மா உடனே கட்டிப்பிடிச்சாங்க மேடம், எங்க அம்மா ஏன் பாத்திரம் கழுவப் போனாங்க?” என்று என்னிடம் கேட்டான். அந்த அம்மா பின்னாட்களில் தனியாக வந்தார். சிங்க் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார். அது அவனுக்குத் தெரியாது.

நாவலைக் குறை சொல்ல மாட்டேன். நல்லபடியாக முடியும் கதை குயர் வாசகர்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. பழைய நாவல்களில் அப்படிப்பட்ட பாத்திரங்கள் பாதிப் பேர் கடைசி அத்தியாயத்துக்குள் செத்துப்போவார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி இப்போது இனிப்பைக் கொஞ்சம் அள்ளிப் போடுகிறார்கள், போடட்டும். ஆனால் அது செயல்திட்டம் கிடையாது என்று பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லப்போகிறேன் என்று வருபவரிடம் நான் கேட்கும் கேள்விகள் வறட்சியானவை. அன்று இரவு வெளியே அனுப்பிவிட்டால் எங்கே தங்குவாய்? ஃபீஸ் யார் கட்டுகிறார்கள்? சான்றிதழ், ஆதார் எல்லாம் யார் பீரோவில் இருக்கின்றன? குடும்பத்தில் உன் பக்கம் நிற்கக்கூடிய பெரியவர் ஒருவராவது, அத்தையோ சித்தப்பாவோ, உண்டா? பதில் இல்லையென்றால் காத்திருக்கலாம். படிப்பு முடித்து, சம்பளம் வந்த பிறகு சொல்வதால் அவர் பொய்யராகிவிட மாட்டார். சொல்லாமலே இருப்பதும் அவர் உரிமை.

‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. காதலர்களின் மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு உலகத்துக்கே வெளியாகின்றன. கொஞ்ச நாள் கலவரம், பிறகு ஊர் திரண்டு அவர்களைக் கொண்டாடுகிறது. அந்த மின்னஞ்சல்கள்தான் நாவலில் எனக்குப் பிடித்த பகுதி. சரித்திரத்தில் பழைய காதலர்கள் எழுதிய கடித வரிகளை இருவரும் மாறி மாறித் தேடி எடுத்து அனுப்பும் விளையாட்டு அழகு. ஆனால் கசிந்த பிறகு நடப்பது அரசகுடும்பத்துக்கு மட்டுமே நடக்கும். என்னிடம் வருபவர்களுக்கு கசிவது ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். அனுப்பியது பெரும்பாலும் நெருங்கிய தோழன். அப்புறம் கொண்டாட்டம் ஏது, ஜாதகம்தான் வெளியே வரும்.

பிறர் ரகசியத்தை வெளிப்படுத்தும் தவறைக் கதைக்கு வெளியே வாசகர்களும் ரசிகர்களும் செய்கிறார்கள். ஹார்ட்ஸ்டாப்பரை வைத்து எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நிக்காக நடித்த கிட் கானருக்கு அப்போது 18 வயது. குயர் அல்லாதவர் குயர் பாத்திரத்தை வைத்துப் பேர் வாங்குகிறார் என்று ட்விட்டரில் ரசிகர்கள் அவரை நச்சரித்தார்கள். 2022 அக்டோபரில் தான் இருபாலீர்ப்பு உள்ளவன் என்றும், இதைச் சொல்ல வைத்துவிட்டீர்கள் என்றும் எழுதிவிட்டு அவர் விலகினார். யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லும் கதையின் ரசிகர்கள்தான் இதைச் செய்தது. உங்கள் பிள்ளையின் நண்பனைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியவந்தால், தயவுசெய்து அவன் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள்.

ரொமான்ஸை விட ஃபேண்டஸிதான் நம் வீடுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது என் கட்சி. டிராகனும் மந்திரமும் வரும் கதை எப்படி என்று கேட்பீர்கள். சமந்தா ஷானனின் ‘தி ப்ரியரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ’ 2019-ல் வந்த 800 பக்கத்துக்கு மேற்பட்ட நாவல். அதில் சாப்ரான் என்று ஒரு ராணி. அவளுக்கும் அரண்மனையில் மாறுவேடத்தில் இருக்கும் ஈட் என்ற மந்திரக்காரிக்கும் காதல் வருகிறது. இரண்டு பெண்கள் காதலிப்பது அந்த உலகத்தில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை வாரிசு. ராணி ஒரு பெண் குழந்தையைப் பெற்றே ஆக வேண்டும், இல்லையென்றால் ராஜ்ஜியம் அழியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவள் உடம்பைப் பற்றி ஊரே பேசுகிறது. இதைப் படித்துவிட்டு ஒரு ஐ.டி. ஊழியர், கல்யாண வயது தாண்டுகிறது என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பெண், சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க பாட்டியும் இதேதான் சொல்றாங்க, டிராகன் மட்டும் இல்ல.” இங்கே பெற்றோரின் பயத்தில் பாதி வாரிசைப் பற்றியது, மீதி சொந்தக்காரர்களைப் பற்றியது. அதை அந்த 800 பக்கம் தெளிவாகக் காட்டுகிறது. நடுவில் கொஞ்சம் இழுவை, கடைசி யுத்தம் அவசரம். இருந்தாலும் படிக்கலாம்.

தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ இன்னும் கடுமை. 2021-ல் வந்து, அடுத்த ஆண்டு உலக ஃபேண்டஸி விருது வாங்கியது. இந்தியச் சாயல் கொண்ட ஒரு பேரரசு. சிதையில் ஏற மறுத்த இளவரசி மாலினியை, அரசனான அண்ணனே ஒரு பாழடைந்த கோயிலில் சிறை வைக்கிறான். காவலுக்கு இருப்பவள் அவளுக்கு மதுவில் விஷ மருந்தைக் கலந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வேலைக்காரியாக வரும் பிரியாவுக்கும் அவளுக்கும் இடையில் வளர்வது காதல்தான், ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனி அரசியல் கணக்கு உண்டு. ஒருவரை ஒருவர் முழுதாக நம்ப மாட்டார்கள். எனக்கு அந்த அவநம்பிக்கை பிடித்திருந்தது. என்னிடம் வந்த ஒரு பெண் இந்த நாவலை எடுத்துப் பேசினாள். “எங்க வீட்ல பால்ல கலந்து குடுத்தாங்க” என்றாள். தன் கதையை நேராகச் சொல்ல முடியாமல் பல அமர்வுகள் மௌனமாக இருந்தவள், மாலினியைப் பற்றிப் பேசப்போய்த்தான் அதைச் சொன்னாள்.

டி.ஜே. க்ளூனின் ‘தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ’ (2020) எல்லோருக்கும் பிடிக்கிறது. மாயசக்தி உள்ள அநாதைக் குழந்தைகளின் இல்லத்தை ஆய்வு செய்யப் போகும் 40 வயது அரசு ஊழியர், இல்லத்தின் தலைவரைக் காதலிக்கிறார். குழந்தைகள் நல அறிக்கைகளைப் படிப்பவள் என்ற முறையில், விதிமுறைப் புத்தகத்தைச் சுமந்து போனவரின் வாராந்திர அறிக்கை மெல்ல மெல்ல மனிதமொழிக்கு மாறுவதை ரசித்தேன். ஆனால் கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோன வரலாறு இந்தக் கதைக்குத் தூண்டுதலில் ஒன்று என்று ஆசிரியரே சொன்னபோது, அவ்வளவு பெரிய கொடுமையை இத்தனை மென்மையாக்கலாமா என்று விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

“எல்லாம் சரி மேடம், இவனை மாத்திக் குடுங்க” என்று கேட்பவர்களுக்கு: மாற்ற முடியாது, முயல்வது சட்டப்படியும் தவறு. மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ல் இப்படிப்பட்ட ‘சிகிச்சை’களைத் தடை செய்யச் சொன்னது. அந்த நீதிபதி, என். ஆனந்த் வெங்கடேஷ், விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தவர். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மாத்திரை, பரிகாரம், யாகம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளையோ நீங்களோ மனம் உடைந்திருந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இலவசம். தமிழில் பேசலாம்.

புத்தகத்தைப் பிடுங்கி வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் படியுங்கள். படித்தபின் “நீ அப்படியா?” என்று கேட்க வேண்டாம். எந்தப் பாத்திரம் பிடித்தது, எது எரிச்சலாக இருந்தது என்று கேளுங்கள். கதையில் வரும் அம்மா செய்தது சரியா என்று கேளுங்கள். இது கொஞ்சம் தைரியமான கேள்வி, பதிலைக் கேட்கவும் தைரியம் வேண்டும். நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஹார்ட்ஸ்டாப்பர் முதல் பாகம் படக்கதைதான், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.