விளக்கு எரிகிறது, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

பழைய கார் ஒன்றின் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் புதுப்பித்து, வண்ணம் பூசி மீண்டும் ஏற்றியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பேட்டரி புதியது, முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் உரக்க ஒலிக்கிறது; ஆனால் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு எல்லாம் நின்றுவிடுகிறது, செல்ஃப் எடுக்கவில்லை; ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிவிடலாமா? அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் பதில்.

மின்சாரத்தைச் சந்தேகிக்கும் முன், எஞ்சின் கையால் சுழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் பொருத்தித் திருப்பினால் அது இறுக்கமாகவேனும் நகர வேண்டும். நகராவிட்டால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மீண்டும் திருப்பிப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டில் வேலை பார்த்தபோது சிலிண்டருக்குள் இறங்கிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அப்படியே நின்றிருந்தால், திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டன் மேலே ஏற முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வலுக்கட்டாயமாக இயக்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும்.

எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறது என்றால், அடுத்து நான் தேடுவது மின்னோட்டம் திரும்பி வரும் பாதையை. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியே ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்னோட்டம், அதன் உலோகக் கூடு வழியே எஞ்சினுக்குள் இறங்கி, அங்கிருந்து பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். எஞ்சினோ ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பல பழைய கார்களில் எஞ்சினையும் காரின் அடிச்சட்டமான சேசிஸையும் இணைக்கும் செம்பு இழைப் பின்னலாலான எர்த் பட்டைதான் திரும்பும் வழி. முகப்பு விளக்குகளின் எர்த் பாடியிலேயே முடிந்துவிடுவதால், அவற்றின் மின்னோட்டம் இந்தப் பட்டையைத் தொடுவதே இல்லை. விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் அது பட்டையைப் பற்றி எந்தச் சாட்சியமும் சொல்லாது.

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே எவ்வளவு கடுமையாக வேலை செய்கிறது என்று பாருங்கள். நின்ற நிலையிலிருக்கும் ஸ்டார்ட்டரும் கேபிள்களும் சேர்ந்து 0.03 ஓம் தடை தருகின்றன என்று கொள்வோம். 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் பாயும். எர்த் பட்டையின் இணைப்பில் வெறும் 0.05 ஓம் கூடினால் மின்னோட்டம் 150 ஆம்பியராகச் சரிகிறது. 12 வோல்ட்டில் 7.5 வோல்ட்டை அந்த இணைப்பே விழுங்கிவிட, மோட்டாருக்குக் கிடைப்பது 4.5 வோல்ட். பழைய ஸ்டார்ட்டர்களில் வழக்கமான தொடர் சுற்று மோட்டாரில் காந்தப் புலத்தை உண்டாக்குவதும் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் ஓடுவதும் ஒரே மின்னோட்டம் என்பதால், திருப்புவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி, ஏழில் ஒரு பங்கு வரைகூட இறங்கிவிடலாம். ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு இழுத்து ‘டக்’ என்பதற்கு அது போதும், எஞ்சினைச் சுழற்றப் போதாது. சாவியைப் பிடித்திருக்கும் அந்த நொடிகளில் இணைப்பில் வெப்பமாவது 1,125 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவு.

அந்த 0.05 ஓம் எங்கிருந்து வந்தது என்பதே இந்தப் பிரச்சினையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு உலோகப் பரப்புகள் முழுவதுமாகத் தொட்டுக்கொண்டிருப்பதாக நம் கண் நம்புகிறது. உண்மையில் எவ்வளவு வழவழப்பான பரப்பிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன, மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளுக்குள் குறுகி நுழைந்து மறுபுறம் விரிய வேண்டியிருக்கிறது. இந்தக் குறுகலே ஒரு தடை. புள்ளியின் ஆரம் பாதியானால் அதன் தடை இரட்டிப்பாகும். போல்ட்டை இறுக்கும்போது உச்சிகள் நசுங்கி, தொடும் பரப்பு விரிகிறது. புதிதாகப் பூசிய வண்ணமோ இந்த மேடுகளுக்கு இடையே காப்புப் படலமாக நின்று, அதைக் கீறிக்கொண்டு வெளிவந்த ஒன்றிரண்டு உச்சிகளை மட்டும் தொடவிடுகிறது. மல்டிமீட்டர் தடையை அளக்க அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அந்த ஒன்றிரண்டு புள்ளிகளே தாராளம், ஆகவே அது ‘இணைப்பு சரி’ என்று காட்டிவிடும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரும்போதுதான் உண்மை தெரியும்.

ஸ்வீடனில் பிறந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய தொடுபுள்ளிகளை ஆராய்வதற்கே செலவிட்டார். செய்தித்தாளில் இடம்பெறாத இத்தகைய ஆய்வுகளுக்குத்தான் பொதுப் பணம் தயக்கமின்றிப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒவ்வொரு சுவிட்சும் ரிலேயும் பிளக்கும் அந்த அறிவின்மேல்தான் நிற்கின்றன.

ஆகவே மின்னோட்டம் ஓடும்போதே அளக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றி எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் செய்துவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனைமீதும் (கிளாம்ப்மீது அல்ல), மறுமுனையை எஞ்சினின் வண்ணமில்லாத உலோகத்தின்மீதும் அழுத்தி, உதவிக்கு ஒருவரைச் சில நொடிகள் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அளவு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் பாதையில் குறையில்லை. பல வோல்ட் காட்டினால் குற்றவாளி அங்கேயே இருக்கிறது. அதேபோல் பேட்டரியின் மற்ற முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த முனைக்கும் இடையிலும் அளக்கலாம். இரண்டு பாதைகளும் சரியாக இருந்து, பேட்டரியின் வோல்ட் 9.6-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அது சற்றும் விழாமலே மோட்டார் அசையாதிருந்தால், சொலினாய்டின் தொடுமுனைகளையும் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்னோட்டம் தரும் பிரஷ்களையும் பார்க்க வேண்டும்.

எர்த் பட்டைதான் காரணம் என்று தெரிந்தால், அது அமரும் இடத்தில் எஞ்சினிலும் சேசிஸிலும் உலோகம் மின்னும்வரை வண்ணத்தைச் சுரண்டி, பல்வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு துருப்பிடிக்காதிருக்க வாஸலின் தடவி, மீண்டும் அளந்து பாருங்கள். அத்தோடு ஆக்சிலரேட்டர் கேபிளையும் சோக் கேபிளையும் கழற்றிப் பாருங்கள். பட்டை மறுத்த மின்னோட்டம் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போக அந்த மெல்லிய கம்பிகளைப் பயன்படுத்தியிருந்தால், அவற்றின் உள்ளுறை உருகியிருக்கக்கூடும், ஓடும்போது ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளக்கூடும்.